திங்கட்கிழமைக் கொப்புளம்

34 வருஷம் செருப்பு தைத்தேன். கடைத்தெருவில் அல்ல, ஆஸ்பத்திரியில். உணர்ச்சி இல்லாத பாதங்களுக்குச் செருப்பு செய்கிற பிரிவு எங்களுடையது. வேலூரில் எம்.சி.ஆர். செருப்பு (நுண்துளை ரப்பர் வைத்தது) என்றால் இன்று ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1986இல், அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் பஸ் ஏறினால், தொழுநோயாளி என்று பக்கத்து சீட் காலியாகிவிடும்.

அந்தச் செருப்பில் ஆணி கிடையாது. ஆணி தேய்ந்து மேலே வந்தால் நமக்குச் சுருக்கென்று தெரியும். அவர்களுக்குத் தெரியாது, நாள் முழுக்க அதன்மேலேயே நடப்பார்கள். அதனால் தையலும் பசையும் மட்டும்தான். பின்வார் கட்டாயம் வேண்டும். செருப்பு நழுவிப்போனதே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வைக்கும் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலை எடுத்தால் எழும்ப வேண்டும். மைத்தாளில் நிற்கவைத்து அச்சு எடுப்போம். எங்கே கறுப்பு அடர்ந்திருக்கிறதோ அங்கேதான் அடுத்த புண்.

குஷ்டம் விரலைத் தின்னும் என்று ஊரில் சொல்வார்கள். தின்னாது. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இங்கே நோயாளிகளைக் கூர்ந்து பார்த்துப் பார்த்துக் கண்டது இதைத்தான். நரம்பு செத்து வலி தெரியாமல் போகிறது. பிறகு சூடும் முள்ளும் கல்லும் அழுத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலைத் தேய்த்துவிடுகின்றன. 1955இல் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வந்த பிறகு, செருப்பும் ஒரு மருந்துதான் என்பது இந்தப் பக்கத்தில் பாடமாகவே ஆனது. எனக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். கோடைகாலத் திங்கட்கிழமைகளில் எங்கள் பிரிவுக்குக் கொப்புளம் போட்ட பாதங்கள் கொஞ்சம் கூடுதலாக வரும். முன்பாதத்தில், குதிகாலில், நீர் கோத்துக்கொண்டு. செருப்பைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். பல வருஷம் நான் இதை யோசிக்கவே இல்லை. என் வேலை செருப்போடு முடிந்தது என்று இருந்தேன். ஒரு நாள் ஒரு பெரியவரிடம், "எங்கய்யா வெறுங்காலோட நடந்தீங்க?" என்று அதட்டியபோது அவர் அமைதியாகச் சொன்னார்: "கோயிலுக்குத்தான் சார்."

அவர் சொன்ன கோயில் மாதா கோயில். நான் போகிற ஆலயம் காட்பாடிப் பக்கம், வேறு சபை. வழக்கம் மட்டும் ஒன்றுதான். வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரம், அதன் அடியில் செருப்புகள். அங்கிருந்து வாசல்வரை சிமெண்ட் தளம். அடுத்த ஞாயிறு எண்ணிப் பார்த்தேன், 42 அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அக்கினி நட்சத்திரத்தில், ஆராதனை முடிந்து பத்தரை மணிக்கு வெளியே வந்தால் நாங்கள் எல்லாரும் துள்ளிக்கொண்டு ஓடுவோம். எங்கள் சபையில் துள்ளாமல் நடக்கிற ஒரே ஆள் கீரைக்காரம்மா. அந்த நடையை எத்தனையோ வருஷம் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன், பக்தியான நடை என்று நினைத்திருக்கிறேன். தொழில் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

அவருக்குச் சின்ன வயசிலேயே நோய் குணமாகிவிட்டது. கூட்டு மருந்து வந்த புதிதில் இரண்டு வருஷம் சாப்பிட்டவர். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் யாரோ அவரை மேடை ஏற்றிச் சாட்சி சொல்லவைத்தார்களாம். "மாத்திரை முழுங்குனது நானு, பேரு அவங்களுக்கு" என்று சிரிப்பார். மருந்து ஆரம்பித்தாலே மற்றவருக்குத் தொற்றாது என்பது தெரியாதவர்கள் எங்கள் சபையில் இல்லை. பாதிப்பேர் ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள். ஆனாலும் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு எல்லாரும் போய்வந்த பிறகு கடைசி ஆளாகத்தான் அவர் எழுந்திருப்பார். யாரும் அப்படிப் போகச் சொன்னதில்லை. வேண்டாம், முன்னாடி போ என்றும் யாரும் சொன்னதில்லை.

அவர் காலை ஒரு நாள் பார்த்தேன். பாதத்தில் பழைய கொப்புளத் தழும்புகள். வெளிக்கணுக்காலில் ஒரு காய்ப்பு. பாயில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கணுக்கால் எலும்பு தரையில் அழுந்துகிற இடம் அது. நமக்கு மரத்துப்போனால் காலை மாற்றிப் போடுவோம். அவருக்கு அந்தச் செய்தியே வராது. நான் தைத்துக்கொடுத்த செருப்பு வேப்பமரத்தடியில் நிழலாக, பத்திரமாக இருந்தது.

நான் அப்போது ஆலயக் கமிட்டியில் இருந்தேன். அந்த ஆண்டுதான் சாய்தளம் கட்டினோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகை ஊனங்கள் என்றெல்லாம் ஒருவர் பேசினார், எல்லாருக்கும் உற்சாகம். மூன்று படி, 18 அங்குல உயரம். ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்று 18 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று 7 அடியில் முடித்து, மேலே பளபளவென்று கிரானைட் போட்டு, கொடுத்தவர் பெயரையும் வெட்டினார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறவில்லை. குழந்தைகள் சறுக்கி விளையாடினார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த ஊர் இது. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் வந்தது. அந்த ஊரில்தான் இந்தச் சறுக்குமரம். போகட்டும்.

அதே 21 வகைகளுக்குள் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் வருகிறார்கள். அதைச் சொல்லி, தேவைப்படுகிறவர்கள் செருப்போடு உள்ளே வரட்டும் என்றேன். ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்: "எரிகிற முட்செடி முன்னால ஆண்டவர் மோசேகிட்ட இன்னா சொன்னார், தம்பி?" செருப்பைக் கழற்றிப்போடு, நீ நிற்கிற இடம் பரிசுத்த பூமி என்றுதான். எல்லாரும் தலையாட்டினார்கள். விஷயம் அதோடு முடிந்தது. மோசேக்குக் காலில் உணர்ச்சி இருந்ததே என்கிற பதில், காட்பாடி மேம்பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் தோன்றியது. நல்ல பதில் எதுவும் எனக்குக் கூட்டத்தில் தோன்றாது.

அன்று இரவு என் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் ஊருக்கே செருப்பு தைத்தவர். மேலத்தெரு வந்ததும் தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் அப்படித்தான் நடந்தார். பரிசுத்தத்துக்காகக் கழற்றுவது வேறு, பயத்துக்காகக் கழற்றுவது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் கழற்றிய காலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தேன். இந்த முறை தொழுநோய் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. "நம்ம சபையில சர்க்கரை இருக்கிறவங்க எத்தனை பேர்? பாதம் மரத்துப்போனவங்க எத்தனை பேர்? நானே ஆறு பேருக்குச் செருப்பு தைச்சிருக்கேன். ஒரு கொப்புளம் போதும், காலை எடுக்க வேண்டியதாயிடும்" என்றேன். ஆறு பேரில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். பத்து நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியது. மோசே பேச்சே வரவில்லை. அடுத்த வாரம் வாசலில் போர்டு மாட்டினார்கள்: சர்க்கரை நோயாளிகள் செருப்பு அணிந்து ஆலயத்துக்குள் வரலாம்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாமர்த்தியமாகச் சாதித்தேன் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

கீரைக்காரம்மா போர்டை நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னிடம் வந்தார். "எனக்குத்தான் சக்கரை இல்லியேண்ணா. நான் இன்னா பண்றது?"

"போட்டுக்கினு வாம்மா. யாரு ரத்தம் எடுத்துப் பாக்கப் போறாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் செருப்பை வழக்கம்போல ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெயிலில் நடந்துபோனார்.

மூன்றாவது முறை கமிட்டியில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தொழுநோய் என்றே சொன்னேன், யாருக்காகக் கேட்கிறேன் என்று பெயர் சொல்லாமல். பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான். போதகர் கடைசியில், "போர்டே வேணாம், எடுத்துருங்க" என்றார். செருப்பு வைக்கிற இடத்தை மரத்தடியிலிருந்து வாசற்படிக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். பெண்கள் பக்கம் சுவரோரமாக நான்கு நாற்காலி போட்டார்கள். உள்ளே மட்டும் போடுவதற்கு ஒரு தனி ஜோடி தைத்துத் தருகிறேன் என்று நான் ஏற்றுக்கொண்டேன். மூத்த உறுப்பினர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அளவெடுக்கப் போனபோது அந்த அம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: கறுப்பு வேண்டாம், ஆஸ்பத்திரி செருப்பு மாதிரித் தெரியக்கூடாது. ஆம்பூரிலிருந்து மெரூன் தோல் வாங்கிவந்து வார் வைத்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் ஒரு ஜோடிக்குச் செலவழித்ததில்லை. தையல் வெளியே தெரியாமல், பக்கிள் விரலுக்கு எட்டுகிற மாதிரி.

அந்த ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரம்மா குனிந்து பார்த்து, எங்கே வாங்கினது என்று கேட்டதாகப் பிறகு சொன்னார். திருவிருந்துக்கு அன்றும் கடைசியாகத்தான் எழுந்தார்.