மெத்தைக் கடையில் அடர்த்தி கேட்டுப் பாருங்கள்

ஃபோன் வாங்கப் போனால் பேட்டரி எவ்வளவு, கேமரா எவ்வளவு என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். வருடக்கணக்கில் நம் முதுகைத் தாங்கப் போகிற மெத்தைக்கு அப்படி ஒரு அட்டை பெரும்பாலும் கிடையாது. இருப்பதெல்லாம் பெயர்கள்தான். ஆர்த்தோ, பிளஷ், ராயல், கிளவுட். முன்னால் ஒரு ‘சூப்பர்’, பின்னால் ஒரு ‘பிளஸ்’. எங்கள் பழைய மெத்தை நடுவில் குழிந்துபோய், ராத்திரி எந்த ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இரண்டு பேரும் பள்ளத்தில் கிடந்தோம். சரி, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பியது, மாதக்கணக்கில் இழுத்தது.

எல்லாக் கடையிலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “படுத்துப் பாருங்க மேடம்.” செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல், காலை மட்டும் வெளியே தொங்கவிட்டு, பிளாஸ்டிக் உறை சரசரக்கப் படுக்க வேண்டும். தலைமாட்டில் விற்பனையாளர் கைகட்டி நிற்பார். நான் விட்டத்தைப் பார்ப்பேன், அவர் என்னைப் பார்ப்பார். “எப்படி இருக்கு?” நன்றாகத்தான் இருக்கும். கடை கடையாக ஏறி இறங்கிய உடம்புக்கு எந்த மெத்தையும் இரண்டு நிமிடம் சுகம்தான். நான் ஒருக்களித்துப் படுப்பவள். தோளும் இடுப்பும் மரத்துப்போவது ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியும். அதைக் கடை வெளிச்சத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் இன்னொரு சிக்கல் என் கணவர். மனிதர் மல்லாந்து படுப்பார், எடையும் என்னைவிட நிறைய. அவருக்கு ‘மெத்துனு இருக்கு’ என்று தோன்றும் அதே மெத்தை எனக்குத் தரையாக இருந்தது. கெட்டி, மென்மை என்பதெல்லாம் மெத்தையை மட்டும் பொறுத்ததில்லை, மேலே படுக்கிற ஆளின் எடையும் படுக்கும் விதமும் சேர்ந்துதான் முடிவாகிறது. ஆனால் ஒரு கடை ‘மீடியம்’ என்று சொல்வது பக்கத்துக் கடையில் ‘ஃபர்ம்’. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை.

முதுகுவலி என்று வாயைத் திறந்தீர்களோ, போச்சு. நேராக ‘ஆர்த்தோ’ வரிசைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். “முதுகு வலிக்கு கல்லு மாதிரி இருக்கணும் சார், டாக்டருங்களே அதான் சொல்றாங்க” என்று ஒருவர் என் கணவரிடம் அடித்துச் சொன்னார். ‘ஆர்த்தோ’ என்ற பெயரை வைக்க யாரும் யாரிடமும் பரீட்சை எழுதித் தேற வேண்டியதில்லை. கல்லு மாதிரி இருக்கணும் என்பதற்கு நேர்மாறாக ஒரு ஆய்வு இருக்கிறது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டியான மெத்தையும் இன்னொரு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்திருக்கிறார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு ஆர்த்தோ வரிசைப் பக்கம் நாங்கள் போகவில்லை.

அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தோம். இதில்தான் கடைக்காரர்கள் சாயம் வெளுக்கும். “மெமரி ஃபோம் மேடம், நாசா டெக்னாலஜி.” பொய் இல்லை. விமான இருக்கைகளுக்காக 1960-களில் நாசாவுக்கு உருவாக்கிய நுரைதான் அது. ஆனால் 8 அங்குல மெத்தையில் அது எத்தனை அங்குலம்? பல மெத்தைகளில் மேலே ஒரே ஒரு அங்குலம், கீழே முழுக்கச் சாதாரண ஃபோம். அந்தச் சாதாரண ஃபோம் மட்டமானதாக இருந்தால் சீக்கிரம் குழிந்துவிடும். எது எவ்வளவு தாங்கும் என்று ஊகிக்க உருப்படியான ஒரு எண் உண்டு: அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. அடர்த்தியும் கெட்டித்தன்மையும் வேறுவேறு. கையால் அழுத்தினால் கெட்டியாகத் தெரியும் ஃபோம் அடர்த்தி குறைந்ததாக இருக்கலாம், கொஞ்ச நாளில் அமுங்கிவிடும். மெமரி ஃபோம் என்றால் 50 கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது என்று படித்து வைத்திருந்தேன்.

“இதோட டென்சிட்டி என்னங்க?”

“ஹை டென்சிட்டி மேடம்.”

“ஹைன்னா எத்தனை?”

“ரொம்பவே ஹை மேடம்.”

ஒருவர் மேலாளருக்கு ஃபோன் போட்டார். மேலாளர் கம்பெனிக்குப் போட்டார். கடைசியில் வந்த பதில் மெத்தையின் உயரம்.

ஸ்பிரிங் மெத்தையிலும் இதே கதைதான், அங்கே ஸ்பிரிங் எண்ணிக்கையைச் சொல்லி மயக்குவார்கள். கேட்க வேண்டியது வேறு. பானெல் வகையில் ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும், ஒருவர் புரண்டால் மற்றவர் ஆடுவார். பாக்கெட் வகையில் ஒவ்வொன்றும் தனித் துணிப் பைக்குள் இருப்பதால் அந்த ஆட்டம் குறைவு. கம்பியின் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிசு, இதைத் தலைகீழாகச் சொல்லி விற்கப் பார்த்த ஒருவரும் இருந்தார்.

விலையை ஒப்பிடலாம் என்றால் அதுவும் முடியாது. ஒரே கம்பெனி, கடைக்கு ஒரு பெயர் வைத்து, மேலுறையில் தையலை மாற்றிக் கொடுக்கிறது. இங்கே பார்த்தது அங்கே இல்லை, அங்கே இருப்பது இணையத்தில் இல்லை. ‘வேறு எங்காவது இதைவிடக் குறைவாகக் கிடைத்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று பெருமையாகப் பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பெயரில் வேறெங்கும் கிடைக்காது என்று தெரிந்துதான் வைக்கிறார்கள்.

இணையத்தில் வாங்கினால் 100 ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்கிறார்கள். கடையில் இரண்டு நிமிடம் படுப்பதைவிட இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் சின்ன எழுத்தையும் படியுங்கள். நான் பார்த்த ஒன்றில் முதல் 30 ராத்திரிக்குள் திருப்ப முடியாது, ஒரு கறைகூட இருக்கக் கூடாது. குழந்தை உள்ள வீட்டில் கறையில்லாமல் ஒரு மாதமா?

வாரண்டி அதைவிட மோசம். பத்து வருடம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பள்ளம் ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழமாக இருந்தால்தான் செல்லும், அதையும் மெத்தைமேல் யாரும் இல்லாதபோதுதான் அளப்பார்கள். எங்கள் பழைய மெத்தைக்கு அளக்க வந்தவர் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் அளவுகோலை நிறுத்தினார். முக்கால் அங்குலம். “நாங்க படுத்தா மூணு அங்குலம் போகுதே, வேணும்னா படுத்துக் காட்டவா?” என்றேன். “அப்படி அளக்க ரூல் இல்ல மேடம்” என்று நூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. விதியை எழுதியவருக்குத் தெரியும், மெத்தை மக்கர் செய்வது ஆள் படுக்கும்போதுதான் என்று.

கடைசியில் வாங்கியது ஒரு சின்னக் கடையில். அந்தக் கடைப் பெரியவர் எடுத்த எடுப்பில் எங்களைப் படுக்கச் சொல்லவில்லை. மேலுறையின் ஜிப்பைத் திறந்து, அடுக்குகளை விரலால் தொட்டுத் தொட்டு, இது லேடெக்ஸ் (ரப்பர் நுரை) இரண்டு அங்குலம், இது பாக்கெட் ஸ்பிரிங், அடியில் இருக்கும் ஃபோம் அடர்த்தி 32 என்று சொன்னார். கேட்டதும் பில்லிலேயே எழுதியும் கொடுத்தார். பிறகு அவராகவே, “தலகாணியோட வந்து கால் மணி நேரம் ரெண்டு பேரும் படுங்க, நான் முன்னாடி இருக்கேன்” என்று எழுந்து போய்விட்டார். நடுத்தரக் கெட்டியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். என் கணவருக்கு இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்திருக்கலாம் என்று மனக்குறை. எனக்குத் தோள் மரத்துப்போவது நின்றிருக்கிறது.

வந்த அன்று லேசான ரப்பர் வாடை இருந்தது, ஜன்னலைத் திறந்து வைத்ததில் சில நாளில் போய்விட்டது. யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு செலவு மட்டும் பாக்கி. புது மெத்தை பழையதைவிட உயரம். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த பழைய விரிப்புகள் நாலு மூலையையும் சேர்ந்தாற்போல் பிடிப்பதில்லை, ஒன்றை மாட்டினால் எதிர்மூலை கழன்று வருகிறது. மெத்தைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னாலேயே விரிப்பு எத்தனை அங்குலம்வரை தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.