அப்புச்சி மெடலும் லாங் ரோல் தேடி அலைஞ்ச கதையும்

எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) இருந்த வரைக்கும் அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, ரெண்டாம் உலக யுத்தத்துல வாங்கின பட்டாள மெடல் மூணும் ஒரு பழைய பவுடர் டப்பாவுல தான் கெடந்துச்சு. வருஷா வருஷம் பொங்கலுக்கு குத்துவிளக்கு தேய்க்கிறப்போ அதையும் சேர்த்து புளி போட்டு தேய்ச்சு வெயில்ல வெச்சிடுவாங்க. பாசத்துல பண்ணது தான், ஆனா நட்சத்திர மெடல் ரெண்டும் பித்தளை மாதிரியான உலோகம், முனையெல்லாம் மழுங்கி போச்சு.

மாமா வீடு மாத்துறப்போ அந்த டப்பா என் கைக்கு வந்துச்சு. நான் இருக்கிறது நீலகிரியில அருவங்காடு, அடுத்த ஸ்டேஷனே மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருக்கிற வெலிங்டன், அதனால பட்டாளம்னாலே எங்க வீட்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் தான், அப்புச்சியும் அதுல தான் இருந்தாருன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு கேட்டு எனக்கும் அதுல சந்தேகமே வந்ததில்ல. இந்த நம்பிக்கையில எட்டு மாசம் வீணா போச்சு, அப்புச்சியோட சர்வீஸ் விவரம் கேட்டு மெட்ராஸ் ரெஜிமென்ட்னு போட்டு தான் எல்லா லெட்டரும் எழுதினேன், அப்படி ஒரு ஆளே இல்லன்னு தான் பதில் வந்துச்சு.

அதுக்கப்புறம் தான் மெடலையே ஒழுங்கா எடுத்து பார்த்தேன். நட்சத்திரம் ரெண்டுக்கும் ஆறு முனை, நடுவுல பிரிட்டிஷ் ராஜா ஆறாம் ஜார்ஜோட முத்திரை எழுத்தும் மேல கிரீடமும். ஒண்ணு 1939-45 ஸ்டார், இன்னொண்ணு பர்மா ஸ்டார். வட்டமா வெள்ளை நிறத்துல இருக்கிறது வார் மெடல், பின்பக்கம் ஒரு சிங்கம் ரெண்டு தலை டிராகன் மேல ஏறி நிக்கும். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு குடுத்த இந்த மெடல்கள்ல பேர் இருக்காது, ஆனா நம்ம இந்திய சிப்பாய்களுக்கு குடுத்ததுல பெரும்பாலும் வாங்கினவர் பேரை பதிச்சிருப்பாங்க. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு போன் டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு பிடிச்சு வட்ட மெடலோட விளிம்பை மெதுவா சுத்தினேன். நேரா அடிச்ச வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாத இடத்துல எழுத்து நிழல் விழுந்து எழும்பி வந்துச்சு. எம்.டி.என்., அப்புறம் ஒரு நம்பர், அப்புறம் அப்புச்சி பேர் கன்னாபின்னான்னு ஒரு ஸ்பெல்லிங்ல, கடைசியா ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. அவர் பேரை அப்படி உலோகத்துல பார்த்ததும் கை நடுங்கிருச்சு.

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு சுபேதார் இருக்கார், அவர்கிட்ட போட்டோவை காட்டினேன். "தம்பி, இது ராயல் இண்டியன் ஆர்மி சர்வீஸ் கோர். சப்ளை, லாரி எல்லாம் இவங்க தான். ரெஜிமென்ட்ல தேடினா எப்படி கிடைக்கும், பெங்களூர்ல இருக்கிற அவங்க ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்க"ன்னாரு. அப்போ தான் உறைச்சுது, யுத்தம் முடிஞ்சு வந்து அப்புச்சி கடைசி வரைக்கும் ஊட்டி காய்கறி லோடு ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மலைப்பாதையில லாரி தானே ஓட்டினாரு, அந்த ஸ்டியரிங் எங்க பழகினாருன்னு நாங்க யாரும் ஒரு நாள் கூட கேட்கல.

டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருந்திருக்கணும் இதெல்லாம். அந்த பேப்பரை யாரோ ஒரு ஜெராக்ஸ் கடையில குடுத்து லேமினேட் பண்ணி வெச்சிருந்தாங்க, சூட்டுல மை பரவி நம்பர் இருந்த இடம் பழுப்பு கறையா போயிருந்துச்சு, உள்ள காத்து குமிழி வேற. இதை மட்டும் யாரும் செய்யாதீங்க, பழைய பேப்பரை லேமினேட் பண்ணா திரும்ப பிரிக்க முடியாது, செல்லோடேப்பும் ஒட்டாதீங்க. நம்ம ஊர் ஆனி ஆடி மழையில பூஞ்சணம் பிடிக்கும்னு பயமா இருந்தா டப்பாவுல சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு அப்பப்போ மாத்துங்க, அது போதும்.

பத்து ரூபா போஸ்டல் ஆர்டர் வெச்சு ஆர்.டி.ஐ. போட்டேன். வந்த பதில்ல, பென்ஷன் இல்லாம வெளிய வந்தவங்க சர்வீஸ் ஃபைலை 25 வருஷம் வெச்சிருந்துட்டு விதிப்படி அழிச்சிருவோம், அதனால ஃபைல் இல்லன்னு இருந்துச்சு. யுத்தத்துல இந்திய ராணுவத்துல 25 லட்சம் பேர் இருந்தாங்க, அவ்ளோ ஃபைலையும் எங்க வெப்பாங்க, புரியுது. ஆனாலும் அன்னிக்கு சோறு இறங்கல. சுபேதார் தான் மறுபடியும் வழி சொன்னாரு. ஃபைல் போனாலும் லாங் ரோல்னு ஒரு பெரிய பதிவேடு இருக்கும், ஒரு ஆளுக்கு ஒரு வரி, அதை அழிக்க மாட்டாங்க, அந்த வரியோட நகல் வேணும்னு குறிப்பிட்டு கேளுங்கன்னாரு. கேட்டேன். ஒரே ஒரு தாள் வந்துச்சு. நம்பர், பேர், சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி, காரணம்.

சேர்ந்தது 1943 ஜனவரி. இந்த தேதியை நான் எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்ல, ஏன்னா எங்க குடும்பத்துல ஒரு பழி நாப்பது வருஷமா இருக்கு. பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு நாலு மெடல், அப்புச்சிக்கு மட்டும் மூணு, நாலாவதை மாமா சின்ன வயசுல பாத்திர கடையில போட்டு காசாக்கிட்டாருன்னு அம்மாயியே சொல்லிட்டு இருந்தாங்க. அந்த நாலாவது இண்டியா சர்வீஸ் மெடல், பின்பக்கம் இந்தியா மேப் இருக்கும். அது 1939 செப்டம்பர் 3ல இருந்து 1945 செப்டம்பர் 2 வரைக்குள்ள மூணு வருஷம் சர்வீஸ் முடிச்சவங்களுக்கு தான். 1943 ஜனவரியில சேர்ந்தவருக்கு மூணு வருஷம் எப்படி வரும்? அப்புச்சிக்கு அப்படி ஒரு மெடல் குடுக்கவே இல்ல.

மாமாவுக்கு போன் பண்ணி தேதி போட்டு வாசிச்சு காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "மாப்ள, அந்த தாள்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையி, நானே வந்து வாங்கிக்கிறேன்"னாரு. அடுத்த நாள் காலையில முதல் பஸ்லயே கோத்தகிரியில இருந்து வந்துட்டாரு.