இரண்டு மீட்டருக்கு மேலா, கீழா? சேலத்தில் ஓர் உமிழ்வு ஆய்வை முடித்த அனுபவம்

பருவநிலைக் கொள்கையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று சேலத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் மேட்டூர் அனல் மின் நிலையத்தைத்தான் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. 1,440 மெகாவாட் திறன். புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஆய்வாளருக்கு அங்கே மிச்சம் வைத்திருப்பது குறைவு. எத்தனை டன் நிலக்கரி எரிந்தது என்று தெரிந்தால் கார்பன் டை ஆக்சைடு கணக்கும் தெரிந்துவிடும். மத்திய மின்சார ஆணையம் அதை ஆண்டுதோறும் நிலையம் வாரியாக வெளியிடவும் செய்கிறது. நான் எடுத்துக்கொண்டது புகையே வராத ஓர் இடம்: ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர்க் குளம்.

மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டி, மாவைத் தொட்டியில் படிய விடுகிறார்கள். மாவு அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர் குளத்துக்குப் போகும். அந்தத் தண்ணீரில் மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏராளம். ஆழமான குளத்தில் காற்று எட்டாத அடிப்பகுதியில் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியே விடுகின்றன. ஆத்தூர், தலைவாசல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வாடை பழக்கம். மீத்தேனுக்கு வாடை கிடையாது. மூக்கில் ஏறுவது கூட வரும் கந்தக வாயு. வாடை வருகிற வரைக்கும் ஊரில் புகார் வரும், மீத்தேனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான் பொருளியல் ஆசிரியை. "வேதியியல்காரர்கள் செய்ய வேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?" என்று ஆய்வுக் குழுவில் முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். கொள்கை எங்கே இருக்கிறது என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. முதல் கேள்விக்கு எப்படியோ பதில் சொல்லித் தப்பித்தேன். இரண்டாவது என்னை ஆய்வு முடியும் வரை விடவில்லை. பாடத் தேர்வுகள், ஆய்வு நெறிமுறைத் தாள் பற்றியெல்லாம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. எல்லோரும் எழுதுகிறார்கள், எல்லோரும் தேர்ச்சி பெறுகிறார்கள்.

கணக்கு எப்படிப் போடுவது என்பதை ஐபிசிசியின் (பருவநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அறிவியல் குழு) 2006 வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. ஐந்தாவது தொகுதி, ஆறாவது அத்தியாயம். மாவுச்சத்து ஆலைக்கு ஒரு டன் உற்பத்திக்குச் சராசரி 9 கனமீட்டர் கழிவுநீர், ஒரு கனமீட்டரில் 10 கிலோ சிஓடி என்று அட்டவணையில் இருக்கிறது. சிஓடி என்பது வேதி ஆக்சிஜன் தேவை, தண்ணீரில் சிதையக்கூடிய கழிவு எவ்வளவு என்பதற்கான அளவு. ஆக டன்னுக்கு 90 கிலோ. ஒரு கிலோ சிஓடி அதிகபட்சம் 0.25 கிலோ மீத்தேனைத் தரும். அதன்பின், அந்த அதிகபட்சத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வெளியாகும் என்று சொல்லும் மீத்தேன் திருத்தக் காரணி என்ற ஒன்றால் பெருக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமான காற்றில்லாக் குளத்துக்கு 0.8. இரண்டு மீட்டருக்குக் குறைந்த ஆழத்துக்கு 0.2.

இந்த ஒரு வரியில்தான் என் ஆய்வு முழுவதும் சிக்கிக்கொண்டது. ஆழமான குளம் என்றால் டன்னுக்கு 18 கிலோ மீத்தேன். மேலோட்டமான குளம் என்றால் நாலரைக் கிலோ. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நாடுகள் அறிக்கை தரும்போது மீத்தேனை 28 மடங்காக எண்ண வேண்டும்; அப்படி எண்ணினால் ஒன்று 504 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், மற்றது 126. அதே ஆலை, அதே கிழங்கு, அதே தண்ணீர். நான்கு மடங்கு வித்தியாசம் வருவது குளத்தை எவ்வளவு ஆழமாக வெட்டினார்கள் என்பதில். அந்த ஆழத்தை எந்தப் புள்ளிவிவரத் தொகுப்பும் வைத்திருக்கவில்லை.

மத்திய அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பில் ஆலை வாரியான தரவு கிடைக்கும். மின்சாரத்துக்கு என்ன செலவு, எரிபொருளுக்கு என்ன செலவு, எத்தனை தொழிலாளர்கள் என்பதெல்லாம் இருக்கும். ஆலையின் பெயர் இருக்காது, குளம் இருக்கவே இருக்காது. ஆலை நடத்த வாங்கும் இசைவு ஆணையில் கழிவுநீரின் அளவும் குளத்தின் நீள அகலமும் இருக்கும் என்று தெரிந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புவது எளிது. முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது: பிரிவு 8(1)(ஈ), வணிக இரகசியம், தர இயலாது. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் நேரில் மரியாதையாகவே பேசினார்கள், காகிதத்தில்தான் இப்படி.

இந்தக் கட்டத்தில் சோர்ந்துபோகிற ஆய்வு மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீட்டை முப்பது நாளுக்குள் போட வேண்டும். அதில் "பொதுநலன்" என்று நீட்டி முழக்குவதைவிட பிரிவு 10-ஐக் காட்டுவது பயன் தரும். தரக்கூடாத பகுதியை மறைத்துவிட்டு மற்றதைத் தரலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆலைப் பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள், எனக்குக் கிலோலிட்டரும் மீட்டரும் போதும் என்று எழுதினேன். கூடவே, பிரிவு 2(ஒ)-இல் ஆவணங்களைப் பார்வையிடுவதும் உரிமைதான் என்பதால், நகல் எடுக்க ஆள் இல்லை என்ற காரணம் எழாமல் இருக்க நானே வந்து உட்கார்ந்து குறித்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்தேன். இரண்டாவது கோரிக்கைதான் வழி திறந்தது. கோப்புகளை மேசையில் வைத்து, மின்விசிறிக்கு அடியில் பறக்காமல் இருக்க ஒரு செங்கல் துண்டையும் தந்தார்கள்.

கோப்புகளில் குளங்கள் பெரும்பாலும் மூன்று மீட்டர். விண்ணப்பத்தில் எழுதியது மூன்று மீட்டர், அவ்வளவுதான். மண் நிரம்பினால், கசடு படிந்தால், அந்த மூன்று எங்கே போகும் என்று கோப்புக்குத் தெரியாது. நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை.

முன்பின் தெரியாத ஒரு பெண் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வாசலில் போய் நின்று கழிவுநீரைப் பார்க்க வேண்டும் என்றால் என்ன நடக்கும்? மாசுக் கட்டுப்பாட்டில் இருந்து வந்திருக்கிறாள் என்றே நினைப்பார்கள். முதலாளி வெளியூர் போய்விடுவார். கல்லூரிக் கடிதத்தைக் காட்டினால் சந்தேகம் இன்னும் கூடும். கடைசியில் எனக்கு வழி காட்டியவர் கிழங்கு ஏற்றி இறக்கும் ஒரு தரகர். என் மாணவியின் மாமா. அவர் சொல்லித்தந்தது ஒன்றுதான்: குளத்தைப் பற்றி முதலில் பேசாதீர்கள், பாயிண்ட் என்ன விலை போகிறது என்று கேளுங்கள். கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அதைக் கேட்டவுடன் உட்காரச் சொன்னார்கள், டீ வந்தது, ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் நடத்தும் ஏலத்தில் 90 கிலோ மூட்டை என்ன விலைக்குப் போனது, மக்காச்சோள மாவைக் கலக்கிறவர்களால் தொழில் எப்படிக் கெடுகிறது என்று பேச்சு நீண்டது. கடைசியில் ஒருவர் தாமாகவே, "குளத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்களாமே, வாங்க டீச்சரம்மா" என்று எழுந்தார்.

குளத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியிருந்தது. அது விரிசல் விட்ட இடங்களில், உலை கொதிக்கத் தொடங்கும்போது வருவதுபோல் சிறு குமிழிகள் வந்து உடைந்துகொண்டே இருந்தன. அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்ட மூங்கில் கழியை இறக்கினோம். ஆறு அடிக்குக் கொஞ்சம் கீழே கழி நின்றது. அழுத்தினால் இன்னும் இறங்கியது. தண்ணீர் எங்கே முடிந்தது, கசடு எங்கே தொடங்கியது என்று கழிக்குத் தெரியவில்லை. இரண்டு மீட்டர் என்பது ஆறரை அடி. சரியாக அந்த இடத்தில்தான் குழப்பம்.

தீர்த்துவைத்தவர் தூர் வார வந்த ஜேசிபி ஓட்டுநர். ஆலைக்காரர்களைவிட அவர்களுக்குத்தான் குளங்களின் ஆழம் தெரியும். வெட்டியவர்களும் அவர்களே, வாருகிறவர்களும் அவர்களே. "எடுக்கும்போது கை முழுக்க உள்ளே போகும், பன்னிரண்டு அடிக்குக் குறையாது, அடுத்த சீசனுக்குள் பாதி தூர்ந்துவிடும்" என்றார். இது எந்த ஆய்விதழிலும் எனக்குக் கிடைக்காத தகவல். ஒரே குளம் தூர் வாரிய மாதத்தில் ஆழமானது, அடுத்த ஆண்டு கிழங்கு வரத்து முடியும்போது மேலோட்டமானது. அதனால் ஒரே எண்ணாகச் சொல்லாமல், தூர் வாரும் முன், பின் என்று இரண்டு நிலைகளுக்கும் வரம்பு போட்டுக் காட்டினேன். எந்த உள்ளீடு முடிவை அதிகம் ஆட்டுகிறது என்று கணினியில் பார்த்தபோது, சிஓடி அளவோ உற்பத்தி அளவோ அல்ல, ஆழம்தான் முதலில் நின்றது.

சிஓடி சோதனைக்கு மாதிரி எடுத்து வருவது தனிக் கதை. கந்தக அமிலம் சில துளி விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் வாடை வெளியே வரும். பஸ்ஸில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கருவாடு என்று நடத்துநர் நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

பழைய கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் சில கட்டுரைகளில் 21, சிலவற்றில் 25, அண்மையில் 28. பாரிஸுக்கு முந்தைய கியோட்டோ ஒப்பந்தக் காலத் திட்ட ஆவணங்களில் 21 சர்வ சாதாரணம். மாற்றாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் உமிழ்வு கூடியதா, எண் மாறியதா என்றே தெரியாது.

இனி, குழு விடாமல் கேட்ட கேள்வி. கொள்கை எங்கே? இந்தியா 2005-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் உள்நாட்டு உற்பத்தியின் உமிழ்வுச் செறிவை, அதாவது ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் ஆகும் உமிழ்வை, 45 சதவீதம் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. 2070-இல் நிகர சுழியம் என்கிறது. 2021-இல் கிளாஸ்கோவில் வந்த உலக மீத்தேன் உறுதிமொழியில் சேரவில்லை. ஆகவே ஒரு சேகோ ஆலையின் மீத்தேனைக் குறைக்கச் சொல்லும் சட்டம் எதுவும் நேரடியாக இல்லை. இருப்பது 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம். அது வெளியே விடும் தண்ணீரைப் பார்க்கிறது, மேலே போகும் வாயுவைப் பார்ப்பதில்லை. குளத்தை ஆழமாக வெட்டினால் இடம் குறைவாகப் பிடிக்கும், காற்றில்லாச் சிதைவு நன்றாக நடக்கும், தண்ணீரில் சிஓடி இறங்கும், ஆலைக்காரர் விதியை மதித்தவராகிறார். அதே வேலையில் மீத்தேன் நான்கு மடங்காகிறது. ஒழுங்காக நடந்துகொள்கிறவர்தான் அதிகம் உமிழ்கிறார். என் ஆய்வேட்டில் சொல்லத்தக்க ஒன்று உண்டென்றால் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு நிரூபணம்.

குளத்துக்கு மேல் தார்ப்பாய் போன்ற உறை போட்டு வாயுவைப் பிடித்தால் இரண்டும் கிடைக்கும். சில ஆலைகள் பிடித்து, அதில் என்ஜின் ஓட்டுகின்றன. பருவநிலைக்காக யாரும் செய்யவில்லை. மின்கட்டணத்துக்காகச் செய்தார்கள், அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தில், தாமாக உமிழ்வைக் குறைப்பவர்களுக்கு விற்கத்தக்க வரவு தரும் ஈடுசெய் பிரிவில் கழிவு மேலாண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரு சிறு ஆலை தனியாகப் போய்ப் பதிவு செய்து, சரிபார்ப்பாளரை வரவழைத்து, அறிக்கை எழுதினால் வரவில் வருவதைவிடச் செலவு அதிகமாகிவிடும். ஆலைகளுக்குக் கூட்டுறவுச் சங்கம் ஏற்கனவே இருக்கும் ஊரில், பல குளங்களைச் சேர்த்து ஒரே திட்டமாகக் கொண்டுபோகலாம் என்பது என் பரிந்துரை. ஏலம் நடத்தும் சங்கம் வாயுக் கணக்கையும் ஏன் எழுதக் கூடாது என்பது என் வாதம். குழுவில் ஒருவர் இதை நடைமுறைக்கு ஒவ்வாதது என்றார். அவருக்கு அந்தக் கருத்து இன்னும் மாறவில்லை.

எழுதி முடித்தபின் வந்த சடங்குகள் சீக்கிரம் கடந்தன. ஒப்புமைச் சோதனையில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சூத்திரங்களையும் ஐபிசிசி சொற்றொடர்களையும் மென்பொருள் திருட்டு என்றது, அவற்றை விலக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது: இந்த இரண்டு மீட்டர் எல்லை இயற்கையில் இருக்கிறதா, அட்டவணையில் இருக்கிறதா? அட்டவணையில்தான், என்றேன். அதனால்தான் 0.2-க்கும் 0.8-க்கும் பதிலாக அந்த அட்டவணையே தரும் வரம்புகளை, மேலோட்டத்துக்கு 0 முதல் 0.3, ஆழத்துக்கு 0.8 முதல் 1 வரை, பயன்படுத்தினேன் என்று காட்டினேன். அதற்குப் பிறகு அவர் ஜேசிபி ஓட்டுநரைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்.

கழி இறக்கிப் பார்க்க விட்ட ஆலைக்காரருக்கு ஆய்வேட்டின் பிரதி வேண்டாமாம். உறை போட வங்கிக் கடன் கேட்க, எவ்வளவு வாயு வரும் என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். ஒரு கிலோ சிஓடி நீங்கினால் அதிகபட்சம் 0.35 கனமீட்டர் மீத்தேன் என்ற கணக்கில், அவருடைய தண்ணீருக்கே எடுத்த எண்களைப் போட்டு எழுதிக் கொடுத்தேன். வங்கியில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உறை விற்பவரிடம் விலைப்புள்ளி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். கிழங்கு வரத்து தொடங்குவதற்குள் வாங்கிவிடுவதாக அவர் சொல்கிறார்.