நட் கழலவில்லையா? எது எதோடு பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கார் சஸ்பென்ஷன் (சக்கரத்தை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) வேலையில் புதுப் பாகத்தை மாட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். பழையதைக் கழற்றத்தான் அரை நாள் போய்விடுகிறது. லிங்க் ராட் (இணைப்புக் கம்பி), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டு), லோயர் ஆர்ம் (கீழ்க் கை) எல்லாமே சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரிலும் சேற்றிலும் கிடப்பவை. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். மரைகளுக்கு நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் அந்தத் துரு வளர்ந்து, ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) கொடுத்து முறுக்கிய நட் 200-க்கும் அசையாமல் நிற்பது அதனால்தான்.

ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி இழுக்குமுன், எது எதோடு பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நட்டும் மரையும் ஒட்டியிருக்கலாம். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் (பாகத்தோடு இணைந்த மரைக் கம்பி) சுற்றலாம். நட் சுலபமாக வந்துவிட்டு, போல்ட் மட்டும் புஷ்ஷுக்குள் (ரப்பர் பொதிந்த குழல்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கூடவே, எந்தப் பாகம் குப்பைக்குப் போகிறது, எது வண்டியிலேயே இருக்கப்போகிறது என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். லிங்க் ராடை மாற்றத்தான் போகிறோம் என்றால் அதன் ஸ்டட் வெட்டுப்பட்டால் நஷ்டமில்லை. நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) கீறல் விழுந்தால்தான் செலவு.

பலரும் தவறவிடும் வேலை கம்பி பிரஷ். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில்தான் துருவும் மண்ணும் அதிகம் அப்பியிருக்கும். நட் கழன்று வரவேண்டிய வழியே அதுதான். அதைச் சுத்தம் செய்யாமல் திருகினால், இரண்டு சுற்று நன்றாக வந்த நட் மூன்றாவது சுற்றில் மரையைத் தின்றுகொண்டு நின்றுவிடும். மரையின் அடி தெரியும்வரை தேய்த்துவிட்டு, துரு நீக்கும் எண்ணெயை நட்டின் இரண்டு பக்கமும் அடியுங்கள். முந்தின நாள் மாலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை அடித்தால் நல்லது. அடித்த ஐந்தாவது நிமிடமே ஸ்பானரை எடுத்தால் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்காது. ஒவ்வொரு தடவையும் நட்டின் பக்கங்களில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் துருவில் சிறு விரிசல்கள் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். சாதாரண டபிள்யூடி-40 முதன்மையாக ஈரத்தை விரட்டுவதற்காக உருவான கலவை. லேசான துருவுக்கு உதவும்; வருடக்கணக்கில் இறுகிய நட்டுக்கு, துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய்தான் தேவை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் அசிட்டோனையும் சமபங்கு கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு. அது நன்றாகவே இறங்கும். ஆனால் இரண்டும் பிரிந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் கெடுக்கும்.

அடுத்தது பிடி. ஆறு முனை சாக்கெட் நட்டின் தட்டையான பக்கங்களில் அழுந்தும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளுக்கு அருகில் பிடிப்பதால், துரு அரித்த நட்டின் மூலைகளை மழித்து உருண்டையாக்கிவிடும். ஓபன் ஸ்பானரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. துருவில் நட் தேய்ந்து 19 மி.மீ. சாக்கெட் லொடலொடவென்று ஆடினால், 18 மி.மீ. சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். ராட்செட்டின் பல் இந்த விசைக்கானதில்லை. பிரேக்கர் பார் (சாக்கெட் மாட்டும் நீளமான கைப்பிடிக் கம்பி) வேண்டும். 60 செ.மீ. பாரின் நுனியில் 30 கிலோ விசையில் இழுத்தால் ஏறக்குறைய 180 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் பெரிய போல்ட்டுகளுக்கு இது சாதாரணம். ஆனால் லிங்க் ராடில் வரும் 10 மி.மீ. ஸ்டட் இதில் பாதிக்கும் குறைவிலேயே முறுகி அறுந்துபோகலாம். எனவே குழாயை நீட்டுமுன் போல்ட்டின் தடிமனைப் பாருங்கள். வண்டி ஆக்சல் ஸ்டாண்டில் உறுதியாக நிற்கவேண்டும், வெறும் ஜாக்கில் நிற்கக் கூடாது. பாரை வெடுக்கென்று இழுக்கும்போது வண்டி சரிந்துவிடலாம்.

முதலில் நட்டைச் சற்று இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடியை உடைக்க எந்தப் பக்கம் அசைந்தாலும் போதும். அசைந்ததும் கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி உள்ளே திருப்பி, பிறகு அரைச் சுற்று வெளியே. கிறீச்சென்ற சத்தத்தோடு இறுகிக்கொண்டே வந்தால் நிறுத்திவிடுங்கள். உதிர்ந்த துரு மரையில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் விட்டு விட்டு இரண்டிரண்டு நொடி கொடுங்கள். நிதானமான விசையைவிடத் தொடர்ச்சியான சிறு அடிகளே துருவை நன்றாக உடைக்கும். அதற்கு இம்பாக்ட் சாக்கெட்தான் போடவேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடித்துச் சிதறக்கூடும்.

லிங்க் ராடில் வரும் தலைவலி ஸ்டட் சேர்ந்து சுற்றுவது. பெரும்பாலான ஸ்டட்களின் நுனியில் 5 அல்லது 6 மி.மீ. ஆலன் குழி (ஆறு முனைக் குழி) இருக்கும். அதில் துரு அடைத்திருக்கும். கூர்மையான ஊசியால் குழியைச் சுரண்டி, பிட்டைச் சுத்தியலால் தட்டி ஆழமாக இறக்கிய பிறகே திருகுங்கள். மேலோட்டமாகச் செருகித் திருகினால் குழி மழுங்கிவிடும்; அப்புறம் அந்த வழி அடைபட்டதுதான். நட்டை ரிங் ஸ்பானரால் பிடித்து, ஆலன் அசையாமல் நிற்கட்டும். சில லிங்குகளில் ரப்பர் உறைக்கும் (பூட்) ஸ்டட் மாட்டப்படும் பாகத்துக்கும் நடுவே மெல்லிய ஸ்பானர் பிடிக்கும் தட்டை இருக்கும். குப்பைக்குப் போகும் லிங்க் என்றால் ரப்பர் உறையை அறுத்துவிட்டு வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) ஸ்டட்டையே கவ்வலாம்.

பால் ஜாயின்ட், டை ராட் எண்டில் கூம்பு வடிவ ஸ்டட். நக்கிளில் கூம்பு இறுகியிருக்கும் வரைக்கும்தான் ஸ்டட் சுற்றாது. ஆகவே நட்டைத்தான் முதலில் தளர்த்தவேண்டும். கூம்பைப் பிறகு உடைக்கலாம். அவசரப்பட்டுக் கூம்பை முதலில் தட்டிவிட்டால் நட்டோடு ஸ்டட்டும் சுற்றும். அப்படி ஆகிவிட்டால், கூம்பு உள்ளே அழுந்தும் திசையில் ஜாக்கையோ கடப்பாரையையோ கொடுத்து அழுத்திக்கொண்டு நட்டைத் திருகுங்கள். கூம்பை உடைக்கும்போது நட் ஸ்டட்டில் சில மரை ஏறியே இருக்கட்டும். கூம்பு விடுபட்டதும் ஆர்ம் வேகமாகப் பாயும். சுத்தியலடி நக்கிளில் ஸ்டட் நுழையும் துளையின் பக்கவாட்டில் விழவேண்டும். ஸ்டட் நுனியில் அடித்தால் மரை நசுங்கிவிடும்.

லோயர் ஆர்மில் நட் கழன்றும் போல்ட் வரவில்லையென்றால், புஷ்ஷின் நடுக்குழலோடு போல்ட் ஒன்றாகியிருக்கும். திருகும்போது ரப்பர் முறுகிச் சற்றே திரும்பி வரும், அதுதான் அடையாளம். அடித்துப் பயனில்லை. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்துவிடுவதே குறைந்த வேலை. மையம் விலகிய வட்டத் தட்டு கொண்ட அலைன்மென்ட் போல்ட்டாக (சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்வது) இருந்தால், அறுக்குமுன் அதன் நிலையைக் குறித்துவையுங்கள்.

சூடு காட்டுவது பலமான ஆயுதம். 12 மி.மீ. துளை 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.04 மி.மீ. அகலும், துருவின் பிடி உடைய அது போதும். நட்டை மட்டும் சூடாக்குங்கள், போல்ட்டை விடுங்கள். பிறகு மெழுகுவத்தியை மரையில் தொட்டால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பத்துத் தடவை பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், பெட்ரோல் குழாய், ரப்பர் பூட் எல்லாம் எரியும். வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் சூட்டில் வெடிக்கக்கூடும். அடித்த எண்ணெயும் பற்றிக்கொள்ளும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தடவிய இடத்தில் தீயைக் காட்டினால் நச்சுவாயு உண்டாகும். அலுமினிய நக்கிள், அலுமினிய ஆர்ம் பக்கம் தீயைக் கொண்டுபோகாதீர்கள். 200 டிகிரி தாண்டினால் அதன் வலிமை குறையத் தொடங்கும். நைலான் நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம் உருகிப் புகையும். சூடாக்கிய நட்டும் போல்ட்டும் பதம் இழந்திருக்கும், திரும்ப மாட்டாதீர்கள்.

இதற்கும் வரவில்லையென்றால் ஆங்கிள் கிரைண்டர். நட்டின் ஒரு தட்டைப் பக்கத்தில், போல்ட்டுக்கு இணையாக வெட்டி, மரைக்கு ஒரு மி.மீ. முன்னால் நிறுத்தி, உளியை வைத்து ஓர் அடி கொடுத்தால் நட் பிளந்துவிடும். மரை தப்பிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) உச்சியில் நடுவே இருக்கும் நட் தனிக் கதை. ஸ்பிரிங் கம்பிரசர் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் அதைத் தொடக்கூடாது. கழன்ற மறுநொடி ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். ஷாக் அப்சார்பரைத் திரும்ப மாட்டுவதாக இருந்தால், அதன் மெருகேறிய ராடை இடுக்கியால் பிடிக்காதீர்கள். ஒரே கீறல் ஆயில் சீலைக் கிழித்துவிடும்.

மாட்டும்போது நைலான் நட் எப்போதும் புதிது. மரையில் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். தயாரிப்பாளர் உலர் மரைக்குச் சொன்ன அளவை அப்படியே கொடுக்காமல் குறைத்துக் கொடுங்கள். பால் ஜாயின்ட் கூம்பில் எதுவும் தடவாமல், சுத்தமாக, உலர்வாக விடுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கையளவு இறுக்கிவிட்டு, வண்டி தன் எடையில் சக்கரத்தில் நின்றபிறகு முழு முறுக்கு கொடுங்கள். தொங்கவிட்டபடி இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். டை ராட் எண்டை மாற்றியிருந்தால், கழற்றும்போது எண்ணிவைத்த சுற்றுகளையே திரும்பக் கொடுத்து, பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.