மாடி போர்ஷன் கதவுக்கு தானா ஏறி தானா அழியிற பூட்டு கோட் - செட் பண்ண கதை

தர்மபுரி டவுன்ல எங்க வீட்டு மாடி போர்ஷன ஒருநாள் ரெண்டுநாள் வாடகைக்கு விடறோம். ஒகேனக்கல் போறவங்க, கல்யாணத்துக்கு வர்றவங்க, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில யாரையாவது சேத்துட்டு தங்க இடம் தேடறவங்க, இப்படித்தான் ஆளு வரும். நான் பெங்களூர்ல, கீழ் வீட்டுல அம்மா மட்டும், அதனால சாவி குடுக்கறது வாங்கறது எல்லாம் அம்மா தலைல. பெங்களூர்ல இருந்து ஆறு மணிக்கு கிளம்பறேன்னு சொல்றவங்களுக்கு ஓசூர் தாண்டவே ஒன்பது ஆயிடும், சேலம் பக்கத்துல இருந்து வர்றவங்கன்னா தொப்பூர் கணவாய்ல லாரி எதாவது கவுந்து கிடந்தா அன்னைக்கு கதை முடிஞ்சது, அதுவரைக்கும் அம்மா தூங்காம உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் நம்பர் அடிச்சா திறக்கற பூட்டு, அதுவும் வர்ற ஆளுக்கு மட்டும் அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் வேலை செய்யற கோட்.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆப்லயே டைம் போட்டு கோட் எடுக்கற பூட்டு. பூட்டுக்குள்ள ஒரு கடிகாரமும் ரகசிய கணக்கும் இருக்கும், அதே கணக்க கம்பெனி சர்வரும் போட்டு நம்பர் குடுக்கும், வீட்டுல நெட்டே இல்லன்னாலும் திறக்கும். நல்ல டெக்னிக்தான். ஆனா இந்த மாதிரி பூட்டு சிலதுல ஆரம்ப நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள ஒருதடவையாவது அடிக்கணும், இல்லன்னா அந்த கோட் செத்துடும். ஒருநாள் லேட்டா வர்ற பார்ட்டிக்கு நடுராத்திரில திரும்ப கோட் எடுத்து அனுப்பணும். நடுவுல கேன்சல் பண்ணா தூரத்துல இருந்து அழிக்க பூட்ட நெட்டோட இணைக்கற கேட்வேன்னு ஒரு பெட்டி வேற தனியா வாங்கணும். எனக்கு ஒத்துவரல. ரெண்டாவது வழி, நம்ம வீட்டுலயே ஹோம் அசிஸ்டென்ட்னு வீட்டு ஸ்மார்ட் சாமான்கள கட்டுப்படுத்தற சாஃப்ட்வேர ஓட்டி, அதுவே பூட்டுக்குள்ள கோட எழுதி அதுவே அழிக்கறது. ராஸ்பெர்ரி பை 4ன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் சும்மா கிடந்துச்சு, அதுல போட்டேன்.

பூட்டு வாங்கும்போது ஒரு விஷயம். அமெரிக்கால இருந்து வர்ற சொந்தக்காரங்ககிட்ட இசட்-வேவ்னு ஒரு ரேடியோ முறைல பேசற பூட்டு வாங்கிட்டு வரச் சொல்றவங்க இருக்காங்க, அது வேணாம். அங்க இசட்-வேவ் 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுக்கு 865, ரெண்டும் பேசிக்காது. நான் ஜிக்பீன்னு இன்னொரு ரேடியோ முறைல பேசற பூட்டு எடுத்தேன், அது உலகம் பூரா 2.4 கிகாஹெர்ட்ஸ். ஜிக்பீ சிக்னல அனுப்பி வாங்கற குட்டி டாங்கிள ராஸ்பெர்ரி பைல இருக்கற யூஎஸ்பி 3 போர்ட்ல நேரா சொருகினா அந்த போர்ட்டோட இரைச்சலே சிக்னல கெடுக்கும், ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு தள்ளி வைக்கணும். பை கீழ, பூட்டு மேல, நடுவுல தாத்தா காலத்து தடி சுவர், அதனால மாடிப்படில ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் போட்டேன், அது சிக்னல வாங்கி கைமாத்தி விடும். அந்த பிளக்கும் இன்வெர்ட்டர் லைன்லதான் இருக்கணும். பைக்கு மட்டும் இன்வெர்ட்டர் குடுத்துட்டு பிளக்க சாதா லைன்ல விட்டா கரண்ட் போனதும் பூட்டு அனாதை.

கதவு வேலைதான் நான் எதிர்பார்க்காத அளவுக்கு இழுத்துச்சு. பழைய தேக்கு கதவு, மழைக்காலத்துல ஊதிக்கும், மோட்டார் நாக்க வெளிய தள்ளும், அது நிலைல இடிச்சு ர்ர்ர்னு முக்கிட்டு உள்ள போயிடும். ஸ்கிரீன்ல ஜாம்னு வரும். வெளிய நிக்கறவங்களுக்கு இது எப்படி தெரியும், கோட் தப்புன்னுதான் நினைப்பாங்க. ஆசாரி வந்து பாத்துட்டு, "யக்கா, கொஞ்சம் குங்குமம் குடுங்க"ன்னு அம்மாகிட்ட கேட்டாரு. எனக்கு பூஜை எதுக்குன்னு புரியல. குங்குமத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு பூட்டு நாக்கு நுனில தடவி, கதவ சாத்தி பூட்ட ஓட்டச் சொன்னாரு. திறந்து பாத்தா நிலைல இருக்கற தகடு மேல செகப்பா ஒரு பிறை, ஓட்டைக்கு கொஞ்சம் கீழ. அந்த இடத்த மட்டும் அரம் போட்டு, பின்னாடி கட்டைய உளியால எடுத்து விட்டாரு. அதுக்கப்புறம் வெண்ணெய் மாதிரி ஓடுது.

இப்ப கோட் விஷயம். பூட்டுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்ட ஸ்லாட் இருக்கும், ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு கோட். அம்மாக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, கூட்டிப் பெருக்கற அக்காக்கு ஒண்ணு, மிச்சம் கெஸ்டுக்கு. கெஸ்ட் கோட் அவங்க போன் நம்பரோட கடைசி நாலு எண், அப்பதான் மறக்க மாட்டாங்க. இதை எண்ணா வச்சா 0417 போய் 417 ஆயிடும், அதனால எழுத்தா வைக்கணும். ரெண்டு ஸ்லாட்ல ஒரே கோட் போட நிறைய பூட்டு ஒத்துக்காது, அதையும் ஆட்டோமேஷன் முதல்லயே பாத்துக்கணும்.

புக்கிங் எல்லாம் கூகுள் காலண்டர்ல போடுவேன். ஹோம் அசிஸ்டென்ட்ல காலண்டர் டிரிக்கர்னு ஒண்ணு இருக்கு, ஈவென்ட் ஆரம்பிச்சா கோட் போடு, முடிஞ்சா எடு. ரொம்ப அழகா தெரியும். ஆனா வாசல் கதவுக்கு அத மட்டும் நம்பக்கூடாதுன்னுதான் நான் சொல்வேன். கோட் போடறது தவறினா கெஸ்டே போன் பண்ணி கத்துவாங்க, நமக்கு தெரிஞ்சிடும். எடுக்கறது தவறினா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஈவென்ட் முடியற நேரத்துல சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிட்டு இருந்தா அந்த டிரிக்கர் போனது போனதுதான். அதைவிட நம்ம ஊர் பிரச்சினை ஒண்ணு இருக்கு. காவிரில நீர்வரத்து கூடுச்சுன்னா ஒகேனக்கல்ல பரிசலுக்கும் குளிக்கறதுக்கும் தடை போட்டுடுவாங்க, ஆடிப்பெருக்கு சமயத்துல இது சகஜம், உடனே பார்ட்டி ரெண்டாவது நாள் வேணாம் கிளம்பறோம்னுவாங்க, நான் காலண்டர்ல இருந்து ஈவென்டையே தூக்கிடுவேன். இல்லாத ஈவென்டுக்கு முடிவு எப்படி வரும், கோட் பூட்டுலயே கிடக்கும்.

அதனால பத்து நிமிஷத்துக்கு ஒருதடவையும், ஹோம் அசிஸ்டென்ட் எழுந்திருக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு சரிபார்ப்பு ஓடுது. இந்த நேரத்துக்கு உள்ள இருக்க வேண்டியவங்க யாரு, பூட்டுல நாம எழுதி வச்சது யாரு, ரெண்டும் ஒத்துப்போகலன்னா ஒத்துப்போக வை, அவ்ளோதான். ராத்திரி ரெண்டு மணிக்கு காலியா இருக்க வேண்டிய ஸ்லாட் எல்லாத்துக்கும் திரும்ப ஒருக்கா அழின்னு அனுப்பும். இருந்தும் எனக்கு முழு நம்பிக்கை மெஷின் மேல இல்ல, பெருக்க வர்ற அக்கா உள்ள போறதுக்கு முன்னாடி போன பார்ட்டியோட நம்பர ஒருதடவ அடிச்சு பாக்கும். "செகப்பு எரியுது தம்பி"ன்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் வந்தா சரி.

ஆஸ்பத்திரி ஆளுங்க சொல்லிட்டு வர மாட்டாங்க, பாவம், ராத்திரி பதினோரு மணிக்கு கூப்பிடுவாங்க. கூகுள் காலண்டர ஹோம் அசிஸ்டென்ட் 15 நிமிஷத்துக்கு ஒருதடவதான் எட்டிப்பாக்கும், அதுவரைக்கும் அவங்கள வாசல்ல நிக்க வைக்க முடியாது. அதுக்கு போன்ல ஒரு பட்டன், நாலு எண்ணும் முடியற நேரமும் போட்டு அமுக்கினா உடனே பூட்டுக்கு போயிடும். முடியற நேரத்த டிலே போட்டு, அதாவது இத்தனை மணி நேரம் காத்திருன்னு சொல்லி, எண்ண விடக்கூடாது, ரீஸ்டார்ட் ஆனா டிலே காத்துல போயிடும். தேதியும் நேரமுமா எழுதி வச்சுட்டா மேல சொன்ன அதே சரிபார்ப்பு பாத்துக்கும்.

மாசத்துல ஒருநாள் பராமரிப்புன்னு காலைல இருந்து கரண்ட் இருக்காது, இன்வெர்ட்டரும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும். பை 4ல தனி கடிகாரம் கிடையாது, நெட் வந்தாதான் நேரம் தெரியும். கரண்ட் வந்து பை எழுந்து, நெட் இன்னும் வராத அந்த இடைவெளில அது காலைலயே நின்னுட்டு இருக்கும், பதினோரு மணிக்கு காலி பண்ணவங்க இன்னும் இருக்காங்கன்னு நினைச்சு கோட திரும்ப எழுதிடும். அதனால நெட் வந்தப்புறம்தான் சரிபார்ப்பு ஓடணும்னு ஒரு கண்டிஷன். பை 5ல கடிகாரம் இருக்கு, பேட்டரி மட்டும் தனியா வாங்கி மாட்டணும்.

பூட்டுக்கு ஆல்கலைன் செல் போடுங்க, ரீசார்ஜ் செல் போட்டா சதவீதம் சரியா காட்டாம திடீர்னு படுத்துடும். சாவி ஓட்டை இருக்கற மாடலா பாத்து வாங்குங்க. அம்மாக்கு கோட் போட்டு குடுத்ததுக்கு "எனக்கெதுக்குடா நம்பரு, சாவி இருக்கில்ல"ன்னுட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் மாடிக்கு சாவி போட்டுத்தான் திறக்கறாங்க. இன்னொரு சாவி எதிர்ல மளிகைக்கடை அண்ணன்கிட்ட இருக்கு.