ரப்பர் பேண்ட் போட்ட பேட்ஜ்

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் நான் சேர்ந்த முதல் மாதம். தபாலில் வந்த டி.எல்.டி. அட்டைகளைக் கொடுக்க எக்ஸ்ரே பிரிவுக்குப் போனேன். ஊழியர் மீது படும் கதிர்வீச்சை அளக்க, ஹோல்டரில் செருகி நெஞ்சில் பேட்ஜாக அணிவது அந்த அட்டை. அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் அக்காவின் பேட்ஜில் கிளிப் இல்லை. ஹோல்டரின் மூடி உடைந்திருந்தது. மருந்துச் சீட்டுக் கட்டில் போடும் சிவப்பு ரப்பர் பேண்ட்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. "இரண்டு வருடமாகக் கேட்கிறேன் தம்பி, அட்டை வருகிறதே போதாதா என்கிறார்கள்" என்றார்.

அன்று எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. அட்டை, ஹோல்டர், கட்டணம் என்று மூன்று வரியாகத்தான் அது என் கோப்பில் இருந்தது. அந்த ரப்பர் பேண்ட் உறுத்தியதால் படிக்க ஆரம்பித்தேன்.

அட்டைக்குள் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. அதில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக மூன்று வெள்ளை வில்லைகள். டிஸ்புரோசியம் என்ற உலோகம் சேர்த்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானோடு கலந்து செய்தவை. கதிர்வீச்சு பட்டால் அதன் ஆற்றலில் ஒரு பங்கு அந்தப் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து ஆய்வகத்தில் சூடேற்றும்போது அது ஒளியாக வெளியே வரும். அந்த ஒளியை அளந்தால், அணிந்தவர் மீது எவ்வளவு பட்டது என்று தெரியும்.

ஆனால் கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே பட்டால் உள்ளதைவிடப் பல மடங்கு கூட்டிக் காட்டும். அதைச் சரிக்கட்டத்தான் ஹோல்டர். ஒரு வில்லைக்கு மேல் செம்பும் அலுமினியமும், அடுத்ததற்கு மேல் பிளாஸ்டிக், மூன்றாவதற்கு மேல் வெறும் திறப்பு. மூன்று வில்லைகளும் காட்டும் அளவுகளை ஒப்பிட்டுத்தான் பட்டது என்ன வகைக் கதிர், உண்மை அளவு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். ரப்பர் பேண்ட் தளர்ந்து அட்டை அரை விரல் நகர்ந்தாலே அந்தக் கணக்கு கெட்டுவிடும். ஹோல்டர் வெறும் உறை என்று நினைத்து இரண்டு வருடம் அந்த வரியை வெட்டியவர்கள், பாதிக் கருவியை வெட்டியிருக்கிறார்கள். அந்த வாரமே பத்து ஹோல்டர் வாங்கினோம். நான் போட்ட கொள்முதல் ஆணைகளில் இன்றும் நினைத்துப் பார்ப்பது அதைத்தான்.

இந்தச் சந்தையை வேறு மருத்துவப் பொருள்களோடு ஒப்பிட முடியாது. சிரிஞ்சுக்கு இருபது வியாபாரிகள் விலை கொடுப்பார்கள். டி.எல்.டி. சேவைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அங்கே நாம் வாங்குவது ஒரு சந்தா. அட்டை அவர்களுடையது. போய்த் திரும்பும், சூடேற்றித் துடைக்கப்பட்டு மறுபடி யாரோ ஒருவர் நெஞ்சுக்குப் போகும். நம் கையில் மிஞ்சுவது, பட்ட அளவைச் சொல்லும் ஓர் எண். அந்த எண் பாபா அணு ஆராய்ச்சி மையம் பராமரிக்கும் தேசியப் பதிவேட்டில் ஊழியரின் தனி எண்ணுக்கு எதிரே ஏறுகிறது. அவர் நாளை மார்த்தாண்டத்துக்கோ மதுரைக்கோ வேலை மாறினாலும் அந்தத் தனி எண் கூடவே போகவேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் வாங்கினால், அவர் முன்பு வாங்கிய கதிர்வீச்சு கணக்கிலிருந்து கழன்றுவிடும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பே ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது என்பது. தொடர்ச்சி அறுந்த கணக்கில் சராசரி எங்கிருந்து வரும்?

எக்ஸ்ரேயில் பார்த்தபடியே இதயச் சிகிச்சை செய்யும் கேத் லேப் தொடங்கியபோது மருத்துவர்கள் உடனுக்குடன் அளவு காட்டும் மின்னணு பாக்கெட் டோசிமீட்டர் கேட்டார்கள். நியாயமான கேட்பு. டி.எல்.டி. சொல்வது மூன்று மாதம் முன்பு நடந்த கதை. அலுவலகத்தில் ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ரேடியேஷன் மீட்டர், இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே" என்றார். அது கைபேசியும் மின்கம்பியும் வெளியிடும் மின்காந்தப் புலத்தை அளப்பது. எக்ஸ்ரேயை அது அறியாது. முறையான வியாபாரிகளிடமிருந்து வந்த மூன்று விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்தது, 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் உள்ள கதிரை மட்டும் அளக்கும் கருவிக்கானது. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி மருத்துவர் மீது விழும் எக்ஸ்ரேயில் கணிசமான பங்கு அதற்குக் கீழே. போதாததற்கு, கேத் லேபில் கதிர் துடிப்புத் துடிப்பாக வரும். கதிரை ஒவ்வொன்றாக எண்ணும் சாதாரண கெய்கர் குழாய், ஒன்றை எண்ணி முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தடுத்து வருபவை எண்ணப்படாமலே போய்விடும். திரையில் குறைவான எண் வரும், அணிந்தவர் நிம்மதியாக இன்னும் கொஞ்சம் அருகே நிற்பார். அந்த வியாபாரி கொடுத்த அளவுத்திருத்தச் சான்றிதழைக் கருவியோடு ஒப்பிட்டேன். கருவியின் பின்புறத்து வரிசை எண் வேறு, சான்றிதழில் இருந்தது வேறு. திருப்பி அனுப்பினேன். விலை கூடியதைத்தான் வாங்கினோம். அதற்காக இரண்டு கூட்டங்களில் பதில் சொன்னேன். இன்னொரு முறை நேர்ந்தாலும் அதையே செய்வேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைத்தது கண்ட்ரோல் பேட்ஜ். ஒவ்வொரு தொகுப்போடும் யாரும் அணியாத ஓர் அட்டை வரும். கதிர்வீச்சு இல்லாத இடத்தில் அதை வைக்கவேண்டும். இயற்கையாகவும், தபாலில் வரும் வழியிலும் பட்ட அளவு அதில் பதியும். மற்றவர்களின் அளவிலிருந்து அதைக் கழிப்பார்கள். எங்கள் கண்ட்ரோல் பேட்ஜ் எக்ஸ்ரே அறைக்குள்ளேயே, ஈய ஏப்ரன் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்கியது. அங்கே அதன்மேல் பட்டதெல்லாம் ஊழியர்களின் அளவிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் வரிசையாகப் பூஜ்யம். எல்லோருக்கும் திருப்தி. எத்தனை வருடம் அப்படித் தொங்கியது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பூஜ்யங்களை இனி யாரும் திருத்த முடியாது.

அதை அலுவலக அலமாரிக்கு மாற்றிய பிறகு வந்த ரிப்போர்ட்டில், டெக்னீஷியன் ஒருவருக்கு மட்டும் சிறிய அளவு வந்தது. வரம்புக்கு வெகு கீழேதான். ஆனால் பூஜ்யத்தையே பார்த்துப் பழகிய பெண் பயந்துவிட்டாள். அவள் வீடு மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடலோரம். வேலை முடிந்ததும் கோட்டோடு பேட்ஜையும் வீட்டுக்குக் கொண்டுபோவது அவள் வழக்கம். அந்தக் கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் கதிர்வீச்சு வெளியிடும் தோரியம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார் என்பார்கள். உலகத்துக்குத் தோரியம் கொடுத்த மண்ணில் இயற்கைக் கதிர்வீச்சே மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு.

"அண்ணா, இது மெஷினிலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து வந்ததா?" என்று கேட்டாள்.

அலமாரியில் இருந்த கண்ட்ரோல் பேட்ஜுக்கு அவள் வீட்டு மண் தெரியாது. ஆகவே அந்த ரிப்போர்ட்டை வைத்து அவளுக்குப் பதில் சொல்ல வழியில்லை, அப்படியே சொன்னேன். எக்ஸ்ரே பிரிவு வாசலுக்கு வெளியே, சுவர் தாண்டிய வராந்தாவில் ஒரு மரப்பலகை அடித்து, பெயர் எழுதிய கொக்கிகள் வைத்தோம். வீட்டுக்குப் போகுமுன் எல்லோரும் அதில் பேட்ஜை மாட்டவேண்டும். ஓரத்துக் கொக்கி கண்ட்ரோல் பேட்ஜுக்கு. அடுத்த இரண்டு ரிப்போர்ட்டிலும் அவளுக்குப் பூஜ்யம் வந்தது. இரண்டாவது வந்த அன்று அவளே ஸ்டோருக்கு வந்து, அந்தத் தாளை வாங்கி, தன் பெயருக்கு நேரே விரல் வைத்து, கண்ட்ரோல் பேட்ஜ் வரியையும் சேர்த்து வாசித்துவிட்டுப் போனாள்.