சாக்லேட் க்ரீம் பை: பயப்படாமல் வேகவிடுங்கள்

அமெரிக்க வீடுகளில் சாக்லேட் பை என்று சொன்னால் குறைந்தது மூன்று வகை இனிப்புகளில் ஒன்றாக இருக்கும். முட்டை, சர்க்கரை, வெண்ணெய், சாக்லேட் எல்லாவற்றையும் கலந்து ஊற்றி ஓவனிலேயே வேகவைப்பது ஃபட்ஜ் பை. பில்ஸ்பரி என்ற அமெரிக்க மாவு நிறுவனம் நடத்திய 1951 சமையல் போட்டியில் பரிசு வாங்கிய பிறகு பரவிய ஃப்ரெஞ்ச் சில்க் பையில் முட்டையைப் பச்சையாகவே அடித்துச் சேர்ப்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண முட்டையை வைத்து அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. மூன்றாவதுதான் க்ரீம் பை. க்ரஸ்டை, அதாவது பையின் அடியும் சுவருமான மாவு ஓட்டை, தனியாக பேக் செய்து, கஸ்டர்டை அடுப்பில் காய்ச்சி ஊற்றி, குளிரவைத்து, மேலே அடித்த க்ரீம் வைப்பது. வீட்டில் செய்ய இதுவே சிறந்தது. ஓவனை நம்பும் வேலை பாதிதான், மீதிப் பாதி நமக்கு நன்றாகப் பழகிய அடுப்பில்.

இந்தப் பை கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வேண்டிய அளவுக்கு வேகவிடுவதில்லை. கருகிவிடுமோ என்று க்ரஸ்டை வெளுப்பாக எடுத்துவிடுகிறோம், முட்டை திரிந்துவிடுமோ என்று கஸ்டர்டைக் கொதிக்கும் முன்பே இறக்கிவிடுகிறோம். முதலாவதால் அடி நமத்துப் போகும். இரண்டாவதால் மறுநாள் வெட்டும்போது உள்ளே இருப்பது வழிந்து ஓடும்.

முதலில் க்ரஸ்ட். 23 செ.மீ. (9 அங்குல) பை தட்டுக்கு மைதா 175 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 3 முதல் 4 டேபிள்ஸ்பூன். வீட்டில் இருப்பது சாதாரண உப்பு வெண்ணெய் என்றால் உப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டாம், அந்த வெண்ணெயிலேயே ஏறத்தாழ அரை டீஸ்பூன் உப்பு இருக்கும்.

வெண்ணெயை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். மைதாவையும் பாத்திரத்தையும்கூட ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. கோடையில் நம் சமையலறை வெப்பம் 32, 33 டிகிரிக்குப் போய்விடும், அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகவே தொடங்கிவிடும். உருகிய வெண்ணெய் மாவோடு ஒன்றாகிவிட்டால் இதழ் இதழாகப் பிரியும் க்ரஸ்ட் வராது, பிஸ்கட் மாதிரிதான் வரும். வெண்ணெய் துண்டு துண்டாக மாவுக்குள் நின்றால்தான் ஓவன் சூட்டில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்கி அடுக்கு உண்டாக்கும்.

மாவு, சர்க்கரை, உப்பைக் கலந்து, வெண்ணெயில் பாதியைப் போட்டு விரல் நுனியால் நன்றாகப் பிசறுங்கள். மீதிப் பாதியைப் போட்டு ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் ஒருமுறை நசுக்கித் தட்டையாக்கினால் போதும். உள்ளங்கை படக்கூடாது, உள்ளங்கைச் சூடு அதிகம். ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளியுங்கள். பதம் புட்டு மாவுப் பதம்தான்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். சப்பாத்தி மாவு போல் திரளும் வரை தண்ணீர் விட்டால் மைதாவுக்கு இழுவை தரும் க்ளூட்டன் என்ற புரதம் கூடி, க்ரஸ்ட் ஓவனில் சுருங்கும், கடிக்கவும் கெட்டியாக இருக்கும். திரட்டித் தட்டையான வட்டமாக்கி, க்ளிங் ஃபிலிமில் சுற்றி ஃப்ரிட்ஜில் குறைந்தது 1 மணி நேரம் வையுங்கள்.

பிறகு 3 மி.மீ. கனத்தில், 30 செ.மீ. வட்டமாகத் தேயுங்கள். இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் மாவு தூவும் வேலை மிச்சம். தட்டில் விரிக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுத்து ஒட்டவைக்காதீர்கள். இழுத்த மாவு பேக் ஆகும்போது பழைய இடத்துக்கே திரும்பும், பக்கச் சுவர் சரிந்து கீழே உட்காருவது அதனால்தான். மாவைத் தூக்கித் தூக்கி மூலைக்குள் இறக்குங்கள். வெளியே தொங்குவதில் 2 செ.மீ. விட்டு மீதியை வெட்டி, விட்டதை உள்பக்கம் மடித்து விரலால் நெளி வைத்து, உலோகத் தட்டானால் ஃப்ரீசரில் 30 நிமிடம். கண்ணாடித் தட்டானால் ஃப்ரீசர் வேண்டாம், ஃப்ரிட்ஜிலேயே 1 மணி நேரம் இருக்கட்டும். உறைந்த கண்ணாடியைச் சூடான ஓவனுக்குள் வைத்தால் வெடித்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் அலட்சியமே கூடாது.

க்ரஸ்ட் இதற்குப் பிறகு ஓவனுக்குள் போகப்போவதில்லை என்பதால் இங்கேயே முழுவதும் வெந்தாக வேண்டும். ஓவனை 200 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்குங்கள். ஓ.டி.ஜி. (மேடைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும், தட்டு கீழ் அடுக்கில் இருக்க வேண்டும். ஓ.டி.ஜி.யின் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம், அதனால் உள்ளே மாட்டும் சிறிய ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது வீண் செலவில்லை. க்ரஸ்டின் மேல் பேக்கிங் பேப்பரை விரித்து, பச்சரிசியோ கொண்டைக்கடலையோ விளிம்பு வரை நிரப்புங்கள். அடியில் மட்டும் ஒரு கைப்பிடி போட்டால் பக்கச் சுவரைத் தாங்க எதுவும் இருக்காது. கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் சில இடங்களில் மெழுகு தடவிய தாளைத் தருகிறார்கள். மாவு தேய்க்க அது சரி, ஓவனுக்குள் புகையும்.

25 நிமிடம் கழித்து, ஓரம் லேசாக நிறம் மாறியதும், தாளை அரிசியோடு தூக்கி எடுத்துவிட்டு, அடியை முள்கரண்டியால் குத்தி, 180 டிகிரியில் இன்னும் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். இளமஞ்சள் நிறம் போதாது. அடியின் நடுப்பகுதி நல்ல பொன்பழுப்பாக வர வேண்டும், தொட்டால் ஈரம் தெரியக்கூடாது. ஓரம் முந்திக்கொண்டு கறுத்தால் அதை மட்டும் ஃபாயிலால் மூடுங்கள். கண்ணாடித் தட்டில் அடியைத் தூக்கிப் பார்த்தே நிறம் தெரிந்துவிடும், முதல்முறை செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. அந்த அரிசியை ஆறவைத்து டப்பாவில் போட்டு அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம், சோறு வடிக்க ஆகாது.

க்ரஸ்ட் முழுக்க ஆறியதும் 30 கிராம் சாக்லேட்டை உருக்கி உள்ளே மெல்லிய பூச்சாகத் தடவி, ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் வையுங்கள். கஸ்டர்டின் ஈரத்துக்கும் மாவுக்கும் நடுவே ஒரு கொழுப்புத் தடுப்பு கிடைக்கும், மறுநாளும் அடி மொறுமொறுப்பாக இருக்கும்.

இனி கஸ்டர்ட். ஃபுல் க்ரீம் பால் 600 மி.லி., சர்க்கரை 100 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், உப்பு கால் டீஸ்பூன், முட்டை மஞ்சள் கரு 4, டார்க் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 30 கிராம், வெனிலா 1 டீஸ்பூன். அமெரிக்கக் குறிப்புகளில் பாலும் க்ரீமும் கலந்து ஊற்றச் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே முழுப்பால் என்பதில் கொழுப்பு 3.25 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நம் ஃபுல் க்ரீம் பாலில் 6 சதவீதம். தனியாக க்ரீம் தேவையில்லை.

சாக்லேட் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பேக்கிங் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டார்க் காம்பவுண்ட் கட்டியில் கோகோ பட்டர் இருக்காது, அந்த இடத்தில் தாவரக் கொழுப்பு இருக்கும். கேக்குக்கு மேல் ஊற்ற அது வசதி. இங்கேயோ மெழுகு தின்றது மாதிரி நாக்கில் ஒட்டும், கோகோ வாசனையும் மங்கலாக இருக்கும். உறையைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் கோகோ பட்டர் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். 55 சதவீதம் கோகோ உள்ளதற்குத்தான் மேலே சொன்ன சர்க்கரை அளவு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடே விளையும் கோகோவில் செய்த 70 சதவீத பார்கள் இப்போது கிடைக்கின்றன. லேசான பழப் புளிப்போடு இந்தப் பைக்கு அருமையாகப் பொருந்தும். அவற்றைப் போட்டால் சர்க்கரையை 25 கிராம் கூட்டுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரை, கார்ன்ஃப்ளார், உப்பை உலர்வாகவே விஸ்க்கால் (முட்டை அடிக்கும் கம்பிக் கருவி) கலக்குங்கள். சர்க்கரைக்குள் மாவு பிரிந்து நின்றால் பால் பட்டதும் கட்டி தட்டாது. அரை டம்ளர் குளிர்ந்த பாலும் மஞ்சள் கருவும் சேர்த்து மைய அடித்து, பிறகு மீதிப் பாலையும் ஊற்றுங்கள். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக முட்டையில் விடும் சடங்கு இதற்குத் தேவையில்லை. கார்ன்ஃப்ளார் கூடவே இருக்கும்போது முட்டை அவ்வளவு சுலபத்தில் திரியாது.

மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள், 8 முதல் 10 நிமிடம் ஆகும். முதலில் மேலே இருக்கும் நுரை அடங்கும். அடுத்து அடியில் திடீரென்று கெட்டிப்படத் தொடங்கும். அடிப்பிடிப்பதும் கட்டி விழுவதும் இந்த நேரத்தில்தான். பாத்திரத்தைத் தீயிலிருந்து தூக்கி அரை நிமிடம் வேகமாக அடித்து, சமமானதும் திரும்ப வையுங்கள். சிலிக்கான் கரண்டியால் மூலைகளை அவ்வப்போது வழித்துவிடுங்கள், விஸ்க் அங்கே எட்டாது. பிறகு நடுவில் பெரிய குமிழிகள் மெதுவாக எழுந்து உடையும். கிளறிக்கொண்டே இருந்தால் குமிழி தெரியாது, ஆகவே 5 விநாடி கையை நிறுத்திப் பாருங்கள். குமிழி வருகிறது என்றால் அங்கிருந்து கடிகாரம் பார்த்து ஒன்றரை நிமிடம், கிளறியபடியே கொதிக்க வேண்டும்.

இந்த ஒன்றரை நிமிடத்தை யாரும் குறைக்க வேண்டாம். மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது, மாவுச்சத்தை உடைப்பதுதான் அதன் வேலை. கொதிநிலைக்குப் போனால் அது செயலிழக்கும். கெட்டியானதுமே இறக்கிவிட்டால் உயிரோடு தங்கி, ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வேலை பார்க்கும். ஊற்றும்போது கெட்டியாக இருந்த கஸ்டர்ட் காலையில் பாயசமாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். பலர் கார்ன்ஃப்ளார் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை கூட்டிப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் பசை மாதிரி ஆகுமே தவிர, கோளாறு தீராது.

இறக்கியதும் பொடியாக நறுக்கிய சாக்லேட்டையும் வெண்ணெயையும் போட்டு ஒரு நிமிடம் சும்மா விட்டு, பிறகு கலக்குங்கள். வெனிலா சேர்த்து, கம்பி வடிகட்டியில் கரண்டியால் தள்ளி வடிகட்டுங்கள். 10 நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே க்ரஸ்டில் ஊற்றிவிடுங்கள். முழுக்க ஆறவைத்து ஊற்றலாம் என்று காத்திருக்கக் கூடாது. உறைந்த கஸ்டர்டை மறுபடி கிளறினால் அதன் கட்டு உடைந்து திரும்பச் சேராது. ஏடு படியாமல் இருக்க க்ளிங் ஃபிலிமை மேற்பரப்பில் படும்படியே ஒட்டி மூடி, குறைந்தது 5 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முந்தின நாள் இரவே செய்துவிடுவது இன்னும் நிம்மதி.

முட்டை சேர்க்காத வீடுகளில் மஞ்சள் கருவை விட்டுவிட்டு கார்ன்ஃப்ளாரை 42 கிராமாகவும் வெண்ணெயை 45 கிராமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நொதித் தொல்லை இல்லை, ஆனாலும் பச்சை மாவு வாசனை போக அதே அளவு கொதிக்கத்தான் வேண்டும். க்ரஸ்டுக்கு நேரமில்லை என்றால் டைஜஸ்டிவ் பிஸ்கட் தூள் 200 கிராமும் உருக்கிய வெண்ணெய் 90 கிராமும் கலந்து தட்டில் அழுத்தி, 175 டிகிரியில் 10 நிமிடம் பேக் செய்தால் ஆயிற்று.

மேலே வைக்கும் க்ரீமுக்கு 200 மி.லி. விப்பிங் க்ரீம், 1 டேபிள்ஸ்பூன் ஐசிங் சர்க்கரை. சிறு அட்டைப் பெட்டியில் வரும் 25 சதவீதக் கொழுப்பு ஃப்ரெஷ் க்ரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் நிற்காது. 30 சதவீதமாவது வேண்டும், 35 இருந்தால் நிச்சயம். பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் மேல் வைத்து அடித்து, விஸ்க்கைத் தூக்கினால் முனை லேசாக வளையும் பதத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் மணல் மணலாகி வெண்ணெய் பிரியும். பால் சேராத டாப்பிங் வகை என்றால் அதிலேயே இனிப்பு தூக்கலாக இருக்கும், சர்க்கரை வேண்டாம். எதுவானாலும் பரிமாறும் முன்புதான் பரப்ப வேண்டும்.

கத்தியை வெந்நீரில் நனைத்து, துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இதைச் செய்தால்தான் ஓரம் சுத்தமாக வரும். 10 துண்டு தாராளமாகக் கிடைக்கும். நம் வெயிலில் வெளியே 1 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் 2 நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் அடி நமக்கத் தொடங்கும். ஃப்ரீசருக்கு மட்டும் அனுப்பாதீர்கள், உறைந்து இளகும்போது கார்ன்ஃப்ளார் கஸ்டர்ட் நீர் விட்டுவிடும். மிஞ்சிய 4 வெள்ளைக் கருவையோ தாராளமாக ஃப்ரீசரில் வைக்கலாம், ஐஸ் தட்டில் குழிக்கு ஒன்றாக ஊற்றி வைத்தால் வேண்டும்போது எண்ணி எடுத்துக்கொள்ளலாம்.